முந்திரிக் கடையை வூகாமர்ஸிலிருந்து ஷாப்பிஃபைக்கு ‘அப்படியே’ மாற்ற முடியுமா?

பண்ருட்டிக்குப் பக்கத்திலிருந்து முந்திரிப்பருப்பும் பலாப்பழச் சிப்ஸும் இணையத்தில் விற்கிறீர்கள். ஐந்து ஆண்டுகளாக வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருளில் ஓடும் கடை. சுமார் 180 பொருள்கள், ஒன்பதாயிரம் வாடிக்கையாளர்கள். தளம் மெதுவாகிவிட்டதால், மாதக் கட்டணத்துக்கு இணையக் கடை அமைத்துத் தரும் ஷாப்பிஃபைக்குப் போக நினைக்கிறீர்கள். இரண்டே நாளில் அப்படியே மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நாள் கணக்கைக் கேட்பதுபோலத் தெரிந்தாலும், உங்கள் கவலை ‘அப்படியே’ என்ற சொல்லில்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்கிறேன். கூகுளில் கிடைத்திருக்கும் இடம், பழைய வாடிக்கையாளர்கள், ஐந்து ஆண்டுக் கணக்கு ஆகியவை தொலையாமல் போய்ச் சேருமா என்பதே உங்கள் கேள்வி. புதுச்சேரியில் இருந்துகொண்டு பதினோரு ஆண்டுகளாக இணையக் கடைகளை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாற்றும் வேலையைச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பொருள்களை இரண்டு நாளில் மாற்றலாம், கடையை மாற்ற முடியாது. உங்கள் அளவுள்ள கடைக்கு நான் நான்கு முதல் ஆறு வாரம் கேட்பேன். அதில் பெரும்பகுதி சரிபார்ப்பதற்கே போகும்.

முதலில், மாறத்தான் வேண்டுமா என்று பாருங்கள். வூகாமர்ஸ் என்பது, இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின்மேல் அமரும் ஒரு ப்ளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள். அது மெதுவாகிறது என்றால் பல நேரங்களில் காரணம் பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் மலிவான ஹோஸ்டிங்காகவோ, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய ப்ளகின்களாகவோ, சுருக்காமல் ஏற்றிய படங்களாகவோ இருக்கும். தளத்தின் நகலொன்றை நல்ல ஹோஸ்டிங்கில் வைத்து ஒரு வாரம் சோதித்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, தளம் மாற்றும் செலவில் சிறு பங்குதான். அதிலேயே வேகம் வந்துவிட்டால் அங்கேயே இருந்துவிடுங்கள். மாறாக, ப்ளகின்களைப் புதுப்பிக்கவும் பாதுகாப்பைக் கவனிக்கவும் ஆள் இல்லை, ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் ஏதாவது உடைகிறது என்பது உங்கள் உண்மையான சிக்கல் என்றால், ஷாப்பிஃபை போன்று அவர்களே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தளத்துக்குப் போவது நியாயமான முடிவு. அங்கே மாதக் கட்டணம் உண்டு. அவர்களுடைய சொந்தப் பணப் பரிமாற்றச் சேவை இந்தியாவில் இல்லாததால், வேறு நிறுவனத்தின் பேமெண்ட் கேட்வே (வாடிக்கையாளரிடம் இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) வழியாக வரும் ஒவ்வொரு விற்பனைக்கும் திட்டத்துக்கேற்ப ஒரு விழுக்காட்டைத் தனியாகப் பிடிப்பார்கள். கேட்வே எடுப்பது அதற்கு மேல். முந்திரியில் உங்களுக்கு நிற்கும் லாபத்தோடு இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு முடிவெடுங்கள்.

மாறுவது என்று முடிவாகிவிட்டால், நான் முதலில் பார்ப்பது பொருள்களின் இணைய முகவரிகளைத்தான். ஷாப்பிஃபையில் பொருள் பக்கம் என்றால் முகவரியில் ‘ப்ராடக்ட்ஸ்’ என்ற சொல்லும், வகைப் பக்கம் என்றால் ‘கலெக்‌ஷன்ஸ்’ என்ற சொல்லும் கட்டாயம் வரும். அதை நம்மால் மாற்ற முடியாது. ஆகவே உங்கள் பழைய முகவரிகள் ஏறக்குறைய எல்லாமே மாறும். கூகுளுக்கும், வாட்ஸ்அப்பில் யாரோ யாருக்கோ அனுப்பி வைத்திருக்கும் இணைப்புகளுக்கும் தெரிந்தது பழைய முகவரிதான். ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் அதற்கு நேரான புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். இதைத்தான் 301 ரீடைரக்ட் என்கிறோம். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்தப் பக்கமே இல்லை என்றுதான் கூகுள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். ஐந்து ஆண்டில் ஒவ்வொரு பக்கமும் சேர்த்த மதிப்பு அதோடு போய்விடும்.

இதில் வூகாமர்ஸிலிருந்து வருபவர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. ஷாப்பிஃபை சில தொடக்கச் சொற்களைத் தன் உபயோகத்துக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. அவற்றில் தொடங்கும் முகவரிக்கு ரீடைரக்ட் போட முடியாது. ‘கார்ட்’, ‘ஆர்டர்ஸ்’ ஆகியவற்றோடு ‘ஷாப்’ என்ற சொல்லும் அந்தப் பட்டியலில் உள்ளது. வூகாமர்ஸிலோ கடையின் முதன்மைப் பக்கத்துக்கு இயல்பாக அமைவதே ‘ஷாப்’ என்ற முகவரிதான். அந்த ஒரு பக்கம் மட்டும் போனால் பெரிய இழப்பில்லை. ஆனால் முகவரிகளின் வடிவத்தைத் தீர்மானிக்கும் பெர்மாலிங்க் அமைப்பில் பொருள் முகவரிகளும் ‘ஷாப்’ என்பதன் கீழே வரும்படி யாராவது அன்று தேர்ந்தெடுத்திருந்தால், உங்கள் 180 பொருள்களில் ஒன்றைக்கூடத் திருப்பிவிட முடியாமல் போகும். இன்றே உங்கள் தளத்தில் ஏதாவது ஒரு பொருளைத் திறந்து முகவரியைப் பாருங்கள். அப்படி இருந்தால், மாற்றத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பாகவே பழைய தளத்தில் அந்தத் தொடக்கச் சொல்லை மாற்றி, அங்கேயே ரீடைரக்ட் போட்டு, கூகுள் புதிய முகவரிகளைப் பதிந்துகொள்ளும்வரை காத்திருங்கள். வெளியார் தளங்களிலும் பழைய செய்திகளிலும் இருக்கும் ‘ஷாப்’ இணைப்புகள் அப்போதும் பின்னாளில் அறுபடவே செய்யும். கூகுளின் பதிவையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

தமிழில் பெயர் வைத்த பொருள்களுக்கு இன்னொன்று உண்டு. வேர்ட்பிரஸ் பொருளின் பெயரிலிருந்து முகவரியை உருவாக்கும்போது 200 குறியீடுகளுக்குள் வெட்டிவிடும். ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு குறியீடு போதும். தமிழிலோ மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும்கூடத் தனித்தனியாக எண்ணப்பட்டு, ஒவ்வொன்றும் ஒன்பது குறியீடுகளாக விரியும். ‘பண்ருட்டி முந்திரிப்பருப்பு’ என்று நீங்கள் வைத்த பெயர் முகவரியில் ‘பண்ருட்டி-முந்திரிப்பரு’ என்பதோடு நின்றிருக்கும். அதே தொடக்கமுள்ள அடுத்த பொருளுக்கு அதையும் சற்றுக் குறைத்து, வாலில் 2 என்று சேர்த்திருக்கும். ஆகவே பெயரை வைத்து ரீடைரக்ட் பட்டியலைத் தயாரித்தால் அது பொருந்தாது. பழைய தளத்தின் சைட்மேப்பிலிருந்தும் (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு), கூகுள் தேடலில் உங்கள் பக்கங்களின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலிலிருந்தும் இருக்கும் முகவரிகளை அப்படியே எடுத்துத்தான் பட்டியல் போட வேண்டும். போட்ட பின் தமிழ் முகவரிகளை ஒவ்வொன்றாகக் கையால் திறந்து பார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்தால் கூகுளில் இடம் குறையாதா என்றால், அப்படி எவரும் உறுதி கொடுக்க முடியாது, கொடுப்பவரை நம்பாதீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 301 ரீடைரக்ட் போடுவதால் மட்டும் பக்கத்தின் மதிப்பு குறையாது என்றும், முகவரி மாறும்போது தற்காலிக ஏற்ற இறக்கம் இருக்கும் என்றும், நடுத்தரத் தளத்தின் பெரும்பாலான பக்கங்களைப் புதிய முகவரியில் பதிய சில வாரங்கள் ஆகும் என்றும், ரீடைரக்டைக் குறைந்தது ஓர் ஆண்டாவது வைத்திருங்கள் என்றும் கூகுளே சொல்கிறது. ஓராண்டு கழிந்த பின்னும் அதை எடுக்க வேண்டிய தேவை ஏதும் இல்லை என்பது என் கருத்து. நான் பார்த்த கடைகளில் சில மூன்று வாரத்தில் பழைய நிலைக்கு வந்தன, சில மூன்று மாதம் எடுத்தன. தாமதமான கடைகள் பெரும்பாலும் முகவரியோடு சேர்த்துப் பொருள் விவரணையையும் தலைப்புகளையும் ஒரே நேரத்தில் மாற்றியவை. எழுத்தை முதலில் அப்படியே கொண்டுபோய்ச் சேருங்கள். திருத்தத்தை ஆறு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

இனி பொருள் விவரங்கள். இவை சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியலாகப் போகும். அதை இடையில் எவராவது எக்செல்லில் திறந்து சேமிப்பதால்தான் பாதித் தொல்லைகளும் வருகின்றன. தோலுரித்த முந்திரிப்பருப்பின் எச்எஸ்என் குறியீடு (வரிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்) 0801 என்ற தலைப்பில் வருகிறது. எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் உள்ள சுழியைத் தூக்கிவிட்டு 801 என்று வைத்துக்கொள்ளும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உரிம எண் 14 இலக்கம், பார்கோடு 13 இலக்கம். இரண்டையும் எக்செல் ‘E+’ என்ற குறியோடு அடுக்குக்குறி வடிவத்துக்குச் சுருக்கும். அந்த நிலையில் சேமித்துவிட்டால் பின்பாதி இலக்கங்கள் கோப்பிலிருந்தே போய்விடும், மீட்க முடியாது. தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிவதும் இதே வழியில்தான். கோப்பை எக்செல்லின் ‘இறக்குமதி’ வழியாக, நெடுவரிசைகளை எழுத்து வகை என்று குறித்துத் திறந்தால் இந்த இழப்பு வராது.

எடை விஷயத்திலும் கவனம் வேண்டும். உங்கள் பழைய கடையில் எடை கிலோவில் இருக்கக்கூடும். ஷாப்பிஃபையின் பொருள் கோப்பு கிராமில் கேட்கும். 0.5 என்ற எண் அப்படியே போனால், அரைக்கிலோ முந்திரி அரைக் கிராமாகி, எல்லா ஆர்டருக்கும் மிகக் குறைந்த கூரியர் கட்டணமே வசூலாகும். வித்தியாசம் உங்கள் கையிலிருந்து போகும். தள்ளுபடி விலையையும் பாருங்கள்: வூகாமர்ஸின் தள்ளுபடி விலைதான் ஷாப்பிஃபையில் ‘விலை’ ஆகவும், வழக்கமான விலை ‘ஒப்பீட்டு விலை’ ஆகவும் மாற வேண்டும். பொருளின் உட்பிரிவுகளுக்கு மூன்று அடுக்குகள்தான் உண்டு. ஒரு பொருளுக்கு 100 உட்பிரிவு என்றிருந்த வரம்பை 2025-இல் 2,048 ஆக உயர்த்தினார்கள். மூன்று அடுக்கு என்பது மட்டும் மாறவில்லை. டபிள்யூ 240, டபிள்யூ 320, அரைப்பருப்பு என்ற தரம் ஒன்று, எடை இரண்டு, சாதா, உப்பு, மிளகு என்ற சுவை மூன்று. நான்காவதாக டின்னா பையா என்ற தேர்வும் வைத்திருந்தால், அதைத் தனிப் பொருளாகப் பிரிக்க வேண்டியிருக்கும். படங்களை ஷாப்பிஃபை உங்கள் பழைய தளத்திலிருந்துதான் இழுத்துக்கொள்ளும்; அது முடியும்வரை பழைய தளம் உயிரோடு இருக்க வேண்டும்.

வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் போகும். கடவுச்சொல் போகாது. அது மீட்க முடியாத வடிவில் சேமிக்கப்பட்டிருப்பதால் உங்களிடமே இல்லை, ஷாப்பிஃபையும் அதை ஏற்காது. ஒன்பதாயிரம் பேரும் அடுத்த முறை வரும்போது புதிதாக உள்நுழைய வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே ஒரு மின்னஞ்சலில் தமிழில் தெளிவாகச் சொல்லிவிட்டால் குழப்பம் குறையும். விளம்பரச் செய்தி வேண்டாம் என்று முன்பு சொன்னவர்களின் குறிப்பும் சேர்ந்து போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது விடுபட்டுப்போய் எல்லோருக்கும் செய்தி போனால், உங்களை நம்பி எண் கொடுத்தவர்களுக்குச் செய்யும் தவறாகும்.

பழைய ஆர்டர்களை நான் பொதுவாகக் கடைசி ஓராண்டுக்கு மட்டுமே கொண்டுபோகச் சொல்வேன். அதற்கு முந்தையவை பாதுகாப்பான காப்பில் இருந்தால் போதும். ஆனால் அந்தக் காப்பு கட்டாயம் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி ஓர் ஆண்டின் கணக்குப் பதிவேடுகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். உங்கள் முதல் ஆண்டு ஆர்டர்கூட இன்னும் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆர்டர்களை எடுக்கும் கருவி தரவுத்தளத்தில் எந்த அட்டவணையைப் படிக்கிறது என்றும் கேளுங்கள். 2023-இல் வந்த 8.2 பதிப்பிலிருந்து வூகாமர்ஸ் புதிய கடைகளின் ஆர்டர்களைத் தனி அட்டவணைகளில் வைக்கிறது. பழைய கடைகளும் அதற்கு மாறிக்கொள்ளலாம். பழைய இடத்தை மட்டும் படிக்கும் கருவி, மாறிய நாளுக்குப் பிந்தைய ஆர்டர்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடக்கூடும். ஆர்டர்களின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் மாதவாரியாக இரண்டு பக்கமும் ஒப்பிட்டால் இது பிடிபடும். பழைய ஆர்டர்களை ஏற்றும்போது வாடிக்கையாளருக்கு அறிவிப்புப் போகாதபடி எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பில் எண் பற்றி ஆடிட்டரோடு பேசுங்கள். வூகாமர்ஸின் ஆர்டர் எண் இடையிடையே தாவும். ஷாப்பிஃபை 1001-இல் தொடங்கும். ஜிஎஸ்டி விதி 46 கேட்பது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராத, 16 குறியீடுகளுக்கு மிகாத தொடர் எண். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் இருக்கலாம். எனவே ஆண்டின் நடுவே மாறினாலும் புதிய முன்னொட்டோடு ஒரு புதிய வரிசையைத் தொடங்கினால் சிக்கல் இல்லை.

கடலூர் மாவட்டத்தில் கடை வைத்திருப்பவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மாநில எல்லை. தமிழ்நாட்டின் ஜிஎஸ்டி குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. கடலூரின் மஞ்சக்குப்பத்துக்கு அனுப்பினால், மாநிலத்துக்குள் விற்பதற்கான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாகூருக்கு அனுப்பினால், மாநிலம் தாண்டி விற்பதற்கான ஐஜிஎஸ்டி. பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாநிலத்தைத் தீர்மானிக்கும் கருவிகள் இங்கே தவறிவிடும். கடலூர் 607001, பாகூர் 607402. இரண்டும் 607, ஆனால் பாகூர் புதுச்சேரி. ஆரோவில்லின் 605101 புதுச்சேரிபோலத் தெரிந்தாலும், அதன் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம். இங்கிருந்து வெகுதூரத்தில் ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாம் 533464, கேரளத்துக்குள் இருக்கும் மாஹே 673310 ஆகியவையும் 34-தான். வாடிக்கையாளர் செலுத்தும் தொகை இதனால் மாறாது என்பதால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், தவறு மாதக்கணக்கில் தெரியாமல் ஓடும். பிறகு சரியான வரித் தலைப்பில் மீண்டும் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். பழைய முகவரிகளில் மாநிலம் என்ற இடத்தில் ‘பாண்டி’, ‘பாண்டிச்சேரி’, ‘புதுவை’ என்று விதவிதமாக இருப்பதையெல்லாம் ஏற்றுவதற்கு முன்பே ஒன்றாக்கிவிடுங்கள்.

பணம் வாங்கும் பக்கத்தில் பெரிய வேலை இல்லை. டொமைன் மாறாததால் கேட்வே கணக்கு அப்படியே இருக்கும். புதிய தளத்துக்கான இணைப்பைக் கொடுத்து, பணம் வந்ததைப் பழைய கடைக்குத் தானாகத் தெரிவிக்கும் வெப்ஹுக்கை நீக்கி, ஒரு யுபிஐ ஆர்டரும் ஒரு கார்டு ஆர்டரும் போட்டு, பணத்தைத் திருப்பியும் பாருங்கள். ஆர்டர் குறுஞ்செய்தியில் இணைப்பு இருந்தால் அதன் புதிய வடிவத்தை, வணிகக் குறுஞ்செய்திகளுக்கான டிஎல்டி பதிவுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதியாத இணைப்புள்ள செய்திகளை 2024 அக்டோபர் முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தடுத்துவிடுகின்றன.

தளத்தைத் திருப்பிவிடும் நாளில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் ஊதுவத்தி விற்கும் ஒரு கடைக்கு மாற்றம் செய்தபோது, டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றினேன். பழைய இடத்தில் இருந்த, மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளைப் புதிய இடத்தில் சேர்க்க மறந்துவிட்டேன். கடை அழகாகத் திறந்தது, ஆர்டரும் வந்தது. அவர்களுடைய மின்னஞ்சல் மட்டும் இரண்டு நாள் வரவே இல்லை. வெளிநாட்டிலிருந்து மொத்தக் கொள்முதல் கேட்டு வந்த கடிதம் ஒன்று அந்த இரண்டு நாளில் திரும்பிப் போயிருந்தது. அவர் மறுபடி எழுதவில்லை. அது முழுக்க என் தவறு. அன்றிலிருந்து டொமைனுக்கான இந்தப் பதிவுகள் (டிஎன்எஸ்) அனைத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளாமல் நான் எதையும் தொடுவதில்லை. நேம்சர்வரை மாற்றாமல், தளத்துக்கான பதிவுகளை மட்டும் மாற்றுகிறேன். அந்தப் பதிவின் டிடிஎல்லை, அதாவது மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, ஒரு நாள் முன்பாகவே 300 விநாடியாகக் குறைத்துவிட்டால், ஏதாவது தவறினாலும் சில நிமிடங்களில் பழைய கடைக்குத் திரும்பிவிடலாம்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி முதல் மார்கழிவரை வேண்டாம். தீபாவளியும் பொங்கலும் உங்கள் பெரிய விற்பனைக் காலம், அதோடு நம் கரைக்குப் புயல் காலமும் அதுதான். தானே 2011 டிசம்பர் 30-இலும், ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-இலும் இந்தப் பகுதியில்தான் கரையைக் கடந்தன. பாதி மாறிய கடையை வைத்துக்கொண்டு மின்சாரம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. பொங்கல் முடிந்து, மாசியில் ஒரு செவ்வாயோ புதனோ, இரவில் ஆர்டர் மிகக் குறைவான நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடையில் வாங்கும் வசதியை நிறுத்தி, கடைசியாக வந்த ஆர்டர்களையும் இருப்பையும் புதிய கடையில் ஏற்றிய பிறகு திருப்பிவிடுங்கள்.

உங்களிடம் இரண்டு நாள் என்று சொன்னவர் தெரியாதவர் என்று நான் முடிவுகட்ட மாட்டேன். அவர் பொருள்களை மட்டும் நினைத்துச் சொல்லியிருக்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் அவரிடம் உங்கள் தளத்தின் ரீடைரக்ட் பட்டியலின் மாதிரியாக இருபது முகவரிகளை எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் குறைந்தது ஐந்து முகவரிகள் தமிழ்ப் பெயருள்ள பொருள்களுடையதாக இருக்கட்டும். மாதவாரி ஆர்டர் ஒப்பீட்டைத் தருவாரா என்றும், திருப்பிவிட்ட பிறகு ஒரு மாதம் பொறுப்பேற்பாரா என்றும் கேளுங்கள். பழைய ஹோஸ்டிங்கை இப்போதே ஓர் ஆண்டுக்குப் புதுப்பித்து, அதன் கடவுச்சொல்லை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.